சம்படத்துக்குள் நாற்பது பேர்

பிப்ரவரி 22, செவ்வாய்

காளியம்மன் கோவில் தெருவில் கட்டியிருந்த இரண்டு கோன் ஸ்பீக்கரையும் இன்று கழற்றியிருக்க வேண்டும். கழற்றவில்லை. ஓட்டு எண்ணிக்கை. அக்கா பத்தொன்பது ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டாள். கருங்குளம்பட்டி பேரூராட்சி, ஏழாவது வார்டு கவுன்சிலர் பேச்சியம்மாள்.

பேரில் மட்டும்தான் பேச்சு. அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே திக்குவாய். அவள் ஒரு வாக்கியம் ஆரம்பித்து முடிப்பதற்குள் டீ ஆறி ஆடை படிந்துவிடும். தர்மராசு மச்சானுக்குத்தான் கவுன்சிலர் ஆகிற ஆசை. வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள் என்றதும் தன் பேருக்குப் பதிலாகப் பெண்டாட்டி பேரை எழுதிக் கொடுத்தார். பிரச்சாரத்தில் மச்சான் பேசினார், அக்கா கும்பிட்டாள், மைக் செட் நான். பவுன் சவுண்ட் சர்வீஸ் என்றால் இந்த ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

சாயங்காலம் கடைத்தெருவில் நன்றி அறிவிப்புக் கூட்டம். மச்சான் மேடை ஏறியதும் "மாப்ளே, எக்கோவக் கூட்டு" என்றார். இந்த ஊரில் மைக்கைத் தொடுகிற அத்தனை பேரும் சொல்கிற முதல் வார்த்தை அதுதான், அதற்கப்புறம்தான் வணக்கமே. கூட்டினேன். அவர் "பெருமக்களே" என்றால் தெருவே "மக்களே, களே, ளே" என்றது. பேசி முடித்து, ஒரு கும்பிடு போடுவதற்காக அக்காவை மைக் முன்னால் தள்ளிவிட்டார். கும்பிட்டுவிட்டு இறங்க வேண்டியவள் வாயைத் திறந்தாள்.

"எனக்கு ஓட்டுப் போட்ட எல்லாருக்கும் நன்றி. குழாயடித் தண்ணி விசயத்த நான் பாத்துக்கிறேன்."

ஓர் இடத்திலும் நிற்கவில்லை. நான் கையிலிருந்த டெஸ்டரைக் கீழே போட்டுவிட்டேன். மச்சான் கைதட்ட மறந்து நின்றார். மேடையை விட்டு இறங்கி என்னிடம் வந்தவள் "தம்பி, அ... அ... அ..." என்று பழையபடி மாட்டிக்கொண்டாள்.

"அசதியா இருக்கா? வீட்டுக்குப் போவோம்" என்றேன். முறைத்துவிட்டுப் போய்விட்டாள். ஜெயித்த அன்றைக்கே இந்த முறைப்பு.

பிப்ரவரி 23, புதன்

நேற்றுக் கூட்டத்துக்குக் கட்டியதையும் சேர்த்து நாலு கோன் கழற்றினேன். ஒன்றில் குருவி கூடு கட்டியிருக்கிறது. அதையும் என் தலையில்தான் கட்ட வேண்டுமா.

மார்ச் இரண்டாம் தேதி பேரூராட்சி மன்றத்தில் பதவியேற்பு. ஒவ்வொரு உறுப்பினரும் உறுதிமொழியைத் தானே வாசிக்க வேண்டும். மச்சான் போய்ச் செயல் அலுவலரிடம் பேசியிருக்கிறார். அம்மாவுக்கு வாசிக்க வராவிட்டால் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று வாசிக்கட்டும், அம்மா கையெழுத்துப் போட்டால் போதும் என்று அவர் சொன்னாராம். மச்சானுக்குப் பரம திருப்தி. அன்றைக்கு அவர் வாசித்துவிட்டால் அப்புறம் ஐந்து வருடமும் அக்காவின் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவரே பேசுவார். அதைத் தடுக்க எவனும் வர மாட்டான்.

மத்தியானம் அக்கா கடைக்கு வந்தாள். "தம்பி, எ... எ..."

"எண்ணெய் தீந்துருச்சா? நான் வரும்போது வாங்கிட்டு வாரேன்."

மேசையில் ஓங்கி அடித்தாள். சால்டரிங் அயர்ன் ஸ்டாண்டோடு குதித்தது. பிறகு அலமாரியில் இருந்த எக்கோ பெட்டியைக் காட்டினாள். ஒரு காகிதத்தில் எழுதினாள்: "நேத்து திக்கலை. இதனாலதான். இதை என் காதுக்கு வை. உறுதிமொழியை நான்தான் வாசிப்பேன்."

எக்கோ பெட்டி என்பது பெரிய வித்தை இல்லை. உள்ளே போன சத்தத்தைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருந்துவிட்டு வெளியே விடும். விட்டதில் ஒரு பங்கை எடுத்துத் திரும்ப அதன் வாயிலேயே ஊட்டினால் மறுபடி வரும், மறுபடி ஊட்டினால் மறுபடி. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகச் சுற்றுக்குச் சுற்று சிறுத்துக்கொண்டே போகும். ஊட்டுவதைக் கொஞ்சம் கூட்டிவிட்டாலோ கட்டெறும்பு கழுதையாகி, கழுதை யானையாகி, கடையே ஊளையிடும். இருபது வருடமாக நான் செய்கிற தொழில் இவ்வளவுதான்.

ஹெட்போனை மாட்டி, மச்சானுக்கு வைக்கிற அதே அளவில் வைத்துக் கொடுத்தேன். பேசினாள். மேடையில் தூரத்திலிருந்து வந்த எக்கோ இப்போது காதுக்குள்ளேயே வந்தது. அவள் சொன்ன முதல் வார்த்தையே ஐந்து தடவை திரும்பி வந்து இரண்டாவது வார்த்தையின் மேல் ஏறி உட்கார்ந்தது. முன்பு ஓர் எழுத்தில் மாட்டியவள் இப்போது எல்லா எழுத்திலும் மாட்டினாள். ஹெட்போனைக் கழற்றி என் மடியில் எறிந்துவிட்டுப் போனாள். ஏழு நாள்தான் இருக்கிறது. நான் என்ன டாக்டரா?

பிப்ரவரி 24, வியாழன்

அக்காவின் போனில் ஏதோ ஆப் போட்டுப் பார்த்தேன். நாம் சொன்ன வார்த்தை போய்த் திரும்பி வருவதற்குள் பஸ்ஸே போய்விடுகிறது. அழித்தேன்.

எக்கோ பெட்டியில் ஊட்டுகிற குமிழை முழுக்கக் குறைத்தேன். ஒரே ஒரு பதில், அதுவும் கண் சிமிட்டுகிற நேரத்துக்குள். அக்கா வந்தாள். பேசினாள். வருகிறது! ஆனால் சாராயம் குடித்தவன் மாதிரி இழுத்து இழுத்து வருகிறது. உறுதிமொழியில் பாதி தாண்டியதும் நிறுத்திவிட்டாள்.

"நல்லாத்தான வந்துச்சு. ஏன் நிறுத்துன?" என்றேன்.

பெட்டியில் பேசியே பதில் சொன்னாள், இழுத்து இழுத்து. "பின்னாடி நின்னு எவனோ என்னையப் பழிப்புக் காட்டுற மாதிரி இருக்குடா."

எனக்கு வேறு வேலை இருந்தது. கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டேன்.

பிப்ரவரி 25, வெள்ளி

காதணி விழா. மூன்று தாய்மாமன்கள், மூன்று பேரும் "எக்கோவக் கூட்டு, எக்கோவக் கூட்டு." இந்த ஊரில் ஒருவருக்கும் சொந்தக் குரல் போதவில்லை.

பிப்ரவரி 26, சனி

பழிப்புக் காட்டுகிற மாதிரி இருக்கிறது என்றால் அதற்கு வழி உண்டு. திரும்பி வருகிற குரல் அப்படியே அவள் குரலாக, கூர்மையாக வருவதால்தான் அந்தத் தொல்லை. பதில் வருகிற வழியில் ஒரு கெப்பாசிட்டரைப் போட்டு மேல் சத்தத்தை வடிகட்டினேன். சகர, தகரங்களின் கூர் மழுங்கி, சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுகிற மாதிரி ஆயிற்று. பலசரக்குக் கடைக்காரர் உரக்கப் பேசினால் அடுத்த தெருவில் நமக்குக் கேட்குமே, அப்படி.

அக்காவுக்கு இது பரவாயில்லை. ஆனாலும் "நம்பிக்கையும்" என்ற இடத்தில் முட்டிக்கொண்டது. ஐந்து தடவை. எனக்கு வந்த ஆத்திரத்தில் "நம்பிக்கையும்னு சொல்லித் தொலையேன்" என்று கத்திவிட்டேன். அவளும் கத்தினாள். பெட்டி காதில் இருந்ததால் திக்காமல் கத்தினாள். தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

நான் ஒயர் சுற்றினேன். பிறகு அவளே ஹெட்போனில் கை வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"ஸ்கூல் பிரேயர்ல எனக்குத் திக்கவே திக்காதுடா. எங்க கிளாஸ்ல நாப்பது பேரு. நாப்பது பேரும் சேந்து சொல்லும்போது ஒரு எழுத்துகூட நிக்காது. ஒத்தையில நிக்கவச்சாத்தான் போச்சு."

அது எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பது வேறு விஷயம்.

ஆனால் அதில் விஷயம் இருக்கிறது. ஒரே ஒரு பதில் வந்தால் அது ஓர் ஆள். நாற்பது பதில் சேர்ந்து வந்தால் அது கூட்டம். கூட்டம் யாரையும் பழிக்காது, கூடவே நடக்கும். நாற்பது பேர் சேர்ந்து சொன்னால் ஒரு வாய்க்கும் இன்னொரு வாய்க்கும் இம்மி இம்மியாக வித்தியாசம் இருக்கும். அந்த வித்தியாசத்தைப் பெட்டிக்குள் உண்டாக்க வேண்டும். ஒரு குரலைச் சிதறடிக்க வேண்டும்.

பழைய சாமான் பெட்டியைக் கவிழ்த்தேன். செத்துப்போன எக்கோ போர்டுகள் ஒன்பது இருந்தன. நாலுக்கு உயிர் வந்தது.

பிப்ரவரி 27, ஞாயிறு

நாலு போர்டையும் வரிசையாகக் கோத்தேன். ஒன்று விடுவதை அடுத்தது வாங்கும். ஒவ்வொன்றும் தான் விட்டதில் கொஞ்சத்தைத் தனக்கே ஊட்டிக்கொள்ளும். முதலில் சோம்பேறித்தனமாக நாலையும் ஒரே நேர அளவில் வைத்தேன். தகர டப்பாவுக்குள் தலையை விட்டுப் பேசுகிற மாதிரி கணகணவென்றது. பதில்கள் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத நாலு அளவாக மாற்றினேன். உடனே கணகணப்பு போய், பருக்கை தெரியாமல் குழைந்த சோறு மாதிரி ஆகிவிட்டது. முன்பே போட்ட வடிகட்டி அதன் கூர்மையை எடுத்தது. தனித்தனிக் குரல் எதுவும் இல்லை. பெரிய கூடத்தில் நிறையப் பேர் முணுமுணுக்கிற மாதிரி ஒரு சத்தம், நாம் பேசினால் கூடப் பேசும், நிறுத்தினால் கொஞ்சம் தள்ளி நிற்கும்.

கரண்டு இரைச்சல் நுழையாமல் இருக்க எவர்சில்வர் உறை வேண்டும் என்றேன். அக்கா வீட்டுக்குப் போய், முறுக்குப் போட்டு வைக்கிற சம்படத்தைக் கொட்டிக் கவிழ்த்து எடுத்து வந்தாள். அதற்குள் நாலு போர்டும் பேட்டரியும் கச்சிதமாக உட்கார்ந்தன. மூடியில் துளை போட்டு ஒயரை எடுத்தேன். துளை போடும்போது மட்டும் அக்கா முகம் சுருங்கியது.

ஒரு காதில் இயர்போன், கழுத்தருகே சின்ன மைக், ஒயர் கூடைக்குள் சம்படம். காகிதத்தைப் பிரித்தாள். "உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பேச்சியம்மாள் எனும் நான்" என்று ஆரம்பித்து "உளமார உறுதி கூறுகிறேன்" வரை ஒரே ஓட்டம். நாற்பது விநாடி. கடையில் நானும் பல்லியும்தான் இருந்தோம். நான் மட்டும் கைதட்டினேன், சொல்வதற்கு என்ன வெட்கம்.

சரி, முடிந்தது, கழற்று என்று கை நீட்டினேன். கழற்றவில்லை. உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள். முக்கால் மணி நேரம் பேசினாள்! குழாயடியில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிற தண்ணீர் இரண்டு தெருவுக்கு மட்டும் ஏன் போகவில்லை, எந்த இடத்தில் வால்வை அடைத்திருக்கிறார்கள், யாருக்காக அடைத்தார்கள், எல்லாம் தெரிந்து வைத்திருக்கிறாள். மச்சானுக்கு இதில் ஒன்றுகூடத் தெரியாது. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நீ மொதல்ல என் வாயிலிருந்து வார்த்தையப் பிடுங்கறத நிறுத்துடா. முப்பது வருசமா நீ எனக்கு வாங்கிக் குடுத்ததுல பாதி நான் கேக்காதது. மல்லி கேட்டா மஞ்சப்பொடி வாங்கிட்டு வர்ற. தலவலின்னு சொல்ல வந்தா தலைக்கு எண்ணெய் வாங்கிட்டு வர்ற. போன தீவாளிக்கு அந்தப் பச்சைச் சேல. எனக்குப் பச்சை பிடிக்கும்னு உனக்கு யாரு சொன்னா?"

"நீதான சொன்ன?"

"நான் ப-ன்னு கூடச் சொல்லல. அதுக்குள்ள நீ கடைக்காரன்கிட்டச் சொல்லிட்ட."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"பொண்ணு பாக்க வந்தப்ப என்ன நடந்துச்சு? சம்மதமாம்மான்னு என்கிட்டத்தான் கேட்டாக. ரெண்டு வருசம் போகட்டும், பிரைவேட்டா டென்த்துப் பரீட்சை எழுதணும்னு சொல்ல வாயத் தொறந்தேன். அக்காவுக்குச் சம்மதம்னு நீ சொல்லிட்ட. உங்க மச்சானக் குத்தம் சொல்லல, அவரு வேற. ஆனா அது என் வாயி."

அப்போது எனக்குப் பதினாறு வயது. எல்லாரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தார்கள். யாராவது ஏதாவது சொல்லித்தானே ஆக வேண்டும். இதை அவளிடம் சொல்ல நினைத்தேன். வார்த்தை வரவில்லை. அவள் முடித்துக் கொடுக்கவும் இல்லை.

பிப்ரவரி 28, திங்கள்

மச்சான் டீக்கடையில் பிடித்துக்கொண்டார். வடை வாங்கிக் கொடுத்தபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"மாப்ளே, வீட்டுல சம்படத்த மாட்டிக்கிட்டு என்னமாப் பேசுறாங்கிற? நேத்து எனக்கே சட்டம் சொல்லுறா."

"நல்லதுதான மச்சான்."

"நல்லதுதான். ஆனா அன்னைக்கு அவளே வாசிச்சிட்டான்னு வையி, அப்புறம் ஒவ்வொரு கூட்டத்துக்கும் நானே போறேன்னு நிப்பா. அங்க உள்ளவனுக எல்லாம் முரட்டுப் பயலுக. பொம்பள போய்த் திக்கிக்கிட்டு நின்னா சிரிப்பானுக. அவளுக்காகத்தான் சொல்லுறேன். அன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் சம்படம் மக்கர் பண்ணிருச்சுன்னா யாருக்கும் கெட்ட பேரு இல்ல."

எவனாவது சிரித்துவிடுவான், அவளுக்காகத்தான். இதை எங்கோ கேட்ட மாதிரியே இருந்தது. வடையை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. இரண்டாவதைச் சொல்லியிருக்க வேண்டும்.

மார்ச் 1, செவ்வாய்

பேரூராட்சி மன்றத்தில் மைக் கட்டினேன். நாளைக்கு அங்கே செட் நான்தான். மேசைக்கு ஒரு மைக், பேசுகிறவர் தன் குரலைக் கேட்க அவர் காலடியில் ஒரு சின்ன ஸ்பீக்கர். சம்படம் எதற்காவது அடம்பிடித்தால் என்ன செய்வது என்று, அதே மாதிரி சிதறலை என் மிக்ஸரிலும் ஏற்றி வைத்திருக்கிறேன். ஒரு குமிழைத் திருப்பினால் போதும், காலடி ஸ்பீக்கரில் நாற்பது பேரும் வந்துவிடுவார்கள்.

மன்றத்துக்கு எதிரில் எங்கள் பழைய பள்ளிக்கூடம். ஏணியில் நின்று பார்த்தால் பிரேயர் நடக்கிற மைதானம் தெரிகிறது. கொடிக்கம்பத்துக்கு இப்போது சில்வர் பெயின்ட் அடித்திருக்கிறார்கள்.

நான் ஆறாவது, அவள் எட்டாவது. பிரேயரில் அவளைக் குறள் சொல்லக் கூப்பிட்டார்கள். முதல் எழுத்திலேயே நின்றுவிட்டாள். எல்லாரும் சும்மாதான் நின்றார்கள். ஆறாவது வகுப்பு வரிசையிலிருந்து ஒருவன் அவள் திக்கியதை அப்படியே திருப்பிச் சொன்னான். பையன்கள் சிரித்தார்கள். அந்த உற்சாகத்தில் இன்னொரு தடவை சொன்னான். சிரிப்பு மைதானம் முழுக்கப் போய்த் திரும்பி வந்தது. வாத்தியார்கூடச் சிரித்தார். அந்த வருடத்தோடு அவள் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டாள்.

அந்த ஒருவன் நான்தான்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. யார் என்று அவளுக்குத் தெரியாது என்றே இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். தம்பி குரலை அக்காவுக்குத் தெரியாமல் இருக்குமா. அன்றிலிருந்து அவள் வாயைத் திறந்தாலே, மற்றவன் சிரிப்பதற்குள் முந்திக்கொண்டு நானே சொல்லிவிடுவது என்று வைத்துக்கொண்டேன். அவளுக்காகத்தான்.

இதை ஆர்டர் எழுதுகிற டைரியில் எழுதியிருக்கக் கூடாது. கிழித்தால் பின்பக்கம் உள்ள பங்குனிப் பொங்கல் புக்கிங் போய்விடும்.

மார்ச் 2, புதன்

பத்து மணிக்குப் பதவியேற்பு. பதினைந்து உறுப்பினர்கள், வார்டு வரிசைப்படி. மன்றம் நிறைய ஆட்கள். அக்கா நீலச் சேலை கட்டி வந்திருந்தாள். மச்சான் வெள்ளை வேட்டியில் அவள் பின்னாலேயே நின்றார், உறுதிமொழிக் காகிதத்தின் நகல் ஒன்று அவர் கையிலும் இருந்தது.

முதல் ஆறு பேரும் தலா முக்கால் நிமிடத்தில் முடித்தார்கள். ஆறு பேரும் உட்காரும் முன் "எக்கோ பத்தலைப்பா" என்றார்கள். ஏழாவதாக அக்கா எழுந்து போனாள். காதில் இயர்போனை வைத்தாள்.

ஆறாவது வார்டு பூமிநாதன் எழுந்துவிட்டார். "ஐயா, காதுல என்னமோ வச்சிருக்காக. வெளியிலிருந்து யாரோ சொல்லிக் குடுக்குறாக. இது செல்லுமா?"

செயல் அலுவலர் கூடையைக் கேட்டார். பியூன் சம்படத்தை மேசை மேல் வைத்துத் திறந்தார். பலகாரம் என்று எட்டிப் பார்த்தவர்கள் ஒயர்களைக் கண்டு பின்வாங்கினார்கள். என்ன இது என்று அலுவலர் கேட்டார். அக்கா பதில் சொல்ல முயன்றாள். வரவில்லை. எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். அலுவலர் கெட்டவர் இல்லை, குழம்பிப்போனார். "இது இல்லாம வாசிங்கம்மா. முடியலேன்னா உங்க வீட்டுக்காரர் வாசிக்கட்டும்" என்றார்.

அக்கா இயர்போனைக் கழற்றிச் சம்படத்துக்குள் போட்டு, தானே மூடியை அழுத்தி மூடினாள். மைக் முன்னால் நின்றாள்.

"உ... உறுப்பினராகத் தே... தேர்ந்தெடுக்கப்பட்ட ப்..." நின்றுவிட்டது. அவள் பேரில் போய் நின்றது. உதடுகள் ஒட்டிக்கொண்டு திறக்கவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. பின்வரிசையில் ஒருவன் செருமினான். அது சிரிப்பாக மாற இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்.

குமிழில் கை வைத்துத் திருப்பினேன். காலடி ஸ்பீக்கரில் அவள் மூச்சு நாற்பது மூச்சாகப் பரவியது. அக்கா குனிந்து அதைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, கூட்டத்தைத் தாண்டி, மூலையில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

அவள் கேட்டது ஒன்று, நான் செய்தது ஒன்று என்று இன்னொரு தடவை ஆகக் கூடாது. குமிழை முழுக்கக் குறைத்துவிட்டுக் கையை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். எக்கோ துளிகூட இல்லாத வெறும் மைக். இருபது வருடத்தில் இந்த ஊரில் நான் அப்படி ஒரு மைக் கொடுத்ததில்லை.

மச்சான் காகிதத்தைப் பிரித்துக்கொண்டு முன்னால் வந்தார். "அவளுக்கு வராதுங்கய்யா. நான் வாசிச்சிருறேன்."

என் முன்னால் சோதனை மைக் ஒன்று இருந்தது. எடுத்தேன்.

"மச்சான், உக்காருங்க. அவ பேசிக்கிட்டிருக்கா."

அப்போது அவள் ஒரு சத்தமும் போடவில்லை. வாய் மூடித்தான் இருந்தது. ஆனால் மன்றத்தில் ஒருவரும் இல்லையென்று சொல்லவில்லை. மச்சான் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், நின்ற இடத்திலேயே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"...பேச்சியம்மாள் எனும் நான்" என்றாள் அக்கா.

ஆறு நிமிடம் இருபது விநாடி ஆயிற்று. நேரம் அளப்பது என் தொழில், அளந்தேன். "நம்பிக்கையும்" என்ற இடத்தில் மட்டும் ஒரு நிமிடத்துக்கு மேல் நின்றாள். அடுத்து வரவேண்டிய ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு மனப்பாடம். ஒன்றைக்கூட உதட்டால் அசைக்காமல் இருந்தேன், தாடை இன்னும் வலிக்கிறது. செருமியவன் பிறகு செருமவில்லை. "உளமார உறுதி கூறுகிறேன்" என்று முடித்ததும் அலுவலர் கையெழுத்துக்குப் பேனா நீட்டினார். அக்கா பேனாவை வாங்கிக்கொண்டு, கையெழுத்துப் போடாமல், குழாயடி வால்வைப் பற்றி ஆரம்பித்தாள். அதெல்லாம் அடுத்த கூட்டத்திலம்மா என்று அவர் கெஞ்ச வேண்டியதாயிற்று.

எல்லாரும் போன பிறகு ஒயர் சுற்றிக்கொண்டிருந்தேன். பந்தியிலிருந்து கேசரியோடு மச்சான் தூரத்தில் நின்றார், பக்கத்தில் வரவில்லை. அக்கா வந்தாள். பள்ளிக்கூடத்து மைதானத்தைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள்.

"தம்பி, எ... எ... எ..."

எனக்குள் வரிசையாக ஓடியது. எண்ணெய், எலுமிச்சம்பழம், எக்கோ, எப்படியிருந்துச்சு, எல்லாம் எனக்குத் தெரியும்டா. ஒன்றையும் சொல்லவில்லை. ஒயரைச் சுற்றினேன். பதினோரு சுற்று.

"எ... என் சம்படத்தக் காலி பண்ணிக் குடு. முறுக்கு எல்லாம் வெளிய கெடக்கு, நமத்துப்போகும்."

போர்டுகளைப் பிடுங்கி எடுத்து, உள்ளே துடைத்து, மூடியில் நான் போட்ட துளைக்கு ஒரு ஸ்க்ரூவை முறுக்கி அடைத்துக் கொடுத்தேன். அவள் வாயால் கேட்டு முடித்ததைக் கொடுத்தது இதுதான் முதல் தடவை.